பாரிஸுக்குப் போன பன்பாய்

மனைவியை ஏமாற்றுவதென்று ஒரு மனிதன் முடிவெடுத்துவிட்டால், முதலில் அவளைச் சந்தோசப்படுத்த வேண்டும் என்பது யோகராசாவின் கட்சி. அதனால்தான் சுவிஸுக்கு வந்து இத்தனை வருசம் கழித்து, அன்னப்பூரணியைச் சுற்றுலா கூட்டிப் போவதென்று தீர்மானித்தார். இதற்கு முன்னும் ஒருமுறை கூட்டிப் போனதுண்டு. பல் பிடுங்க. போகிற வழியில் ரயில் ஜன்னலில் ஒரு ஏரி தெரிந்தது. அதை அவர் சுற்றுலாக் கணக்கில்தான் வைத்திருந்தார்.

"இஞ்சேருமப்பா, வாற சனி ஞாயிறு பாரிஸுக்குப் போவமோ?"

அன்னப்பூரணி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"ஓம், போவம்."

"ஈபிள் கோபுரம் பாக்கலாம்."

"பாப்பம்."

"ஆத்திலை கப்பல் ஓடுதாம்."

"ஏறுவம்."

யோகராசாவுக்கு உள்ளே எதுவோ இடித்தது. அந்த வீட்டில் ஒரு கேள்விக்கு ஒரு பதில் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. புதுச் சப்பாத்து வாங்கப் போவமா என்று கேட்டால், பழைய சப்பாத்துக்கு என்ன குறை என்று தொடங்கி, அவருடைய தகப்பன் வெறுங்காலோடு திரிந்த காலம்வரை போய்த்தான் பேச்சு முடியும். இன்றைக்கு மூன்று பதிலில் பாரிஸ் முடிந்துவிட்டது. இதை நம்பலாமா?

அவர் மெல்ல அடுத்த காயை நகர்த்தினார்.

"அக்கா வீட்டை நிக்கலாமெண்டுதான் பாத்தனான். ஆனால் அவை லண்டனுக்குப் போட்டினம். ஹோட்டல்லைதான் நிக்கோணும்."

இது சுத்தப் பொய். அக்கா மங்கையற்கரசி பாரிஸில்தான் இருந்தாள்.

கத்தி ஒரு கணம் நின்றது.

"அப்பிடியா? பாவம். மச்சாளப் பாத்து எவ்வளவு காலம்!"

கத்தி மறுபடி ஓடியது. இதில் "பாவம்" என்று அவள் யாரைச் சொன்னாள் என்பதுதான் யோகராசாவுக்குப் பிடிபடவில்லை.

சங்கதி இதுதான். ஊரில் சண்டை முடிந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. 2010ஆம் ஆண்டு, ஆவணி மாதம். சுவிஸில் இருந்த தமிழர் எல்லாருக்கும் அந்த வருசம் ஒரே வருத்தம் பிடித்திருந்தது. ஊரில் வீடு கட்டுகிற வருத்தம். யோகராசாவுக்கும் தொற்றிவிட்டது. பிள்ளைகள் தங்கள் பாட்டில் போய்விட்டார்கள். பென்சன் கிட்ட வந்துவிட்டது. கையில் இருந்தது ஒரு வீட்டுக்குக் காணும். ஒரே ஒரு வீட்டுக்கு.

அவர் ஊர் வடமராட்சியில் கரவெட்டி. அவள் ஊர் மட்டக்களப்பில் கல்லடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் அவளுடைய தாய்வீடு. மட்டக்களப்பில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான். அந்த முறையில் அது அன்னப்பூரணிக்கு வந்தது. பக்கத்து வளவு தங்கச்சி கலாஜினிக்குப் போனது. சுனாமி வந்த அன்றைக்கு இரண்டு வீட்டையும் கடல் எடுத்துக்கொண்டது. தங்கச்சி பிறகு ஒரு சின்ன வீடு போட்டுக்கொண்டாள். அன்னப்பூரணியின் வளவில் மிஞ்சியது கிணறும் வாசல்படியும் மட்டும்தான்.

"வயசுபோன காலத்தில அந்தப் படியில குந்தி ஆத்துக் காத்து வாங்கணும்," என்று அவள் ஒருமுறை சொன்னாள். மட்டக்களப்பார் வாவியை ஆறென்றுதான் சொல்வார்கள்.

"கடல் ஒருக்கா வந்த வழியை மறக்குமோ?" என்றார் யோகராசா. "உங்கடை வாவியிலை மீன் பாடுமாம். மீன் பாடுற ஊரிலை மனிசன் நித்திரை கொள்ள ஏலுமோ?"

"மீன் பாடினா கேட்டுக்கிட்டுக் கிடக்கலாம். உங்கட ஊரில வேலிக்குச் சண்டை பிடிக்கிறதயெல்லோ விடிய விடியக் கேக்கணும்."

அத்தோடு சரி. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஒரு விசயத்தை நூறுதரம் சொல்கிற பெண்சாதியைச் சமாளிக்கலாம். ஒருதரம் சொல்லிவிட்டு வாயை மூடுகிறவளை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி நிம்மதியாகத் தூங்குவது?

ஆகவே யோகராசா முந்திக்கொண்டார். கரவெட்டியில் அக்காவின் வீட்டுக்குப் பக்கத்தில் அக்காவுக்கே ஒரு துண்டுக் காணி கிடந்தது. அதில் கட்டுகிறேன் என்று அக்காவிடம் நேரே வாக்குக் கொடுத்துவிட்டால் போதும். தாய்க்குத் தாயாக நின்ற அக்காவுக்குக் கொடுத்த வாக்கை எந்தப் பெண்சாதியும் உடைக்க முடியாது. 'நான் என்னப்பா செய்யிறது, வாக்குக் குடுத்திட்டனே' என்று கையை விரிக்க வேண்டியதுதான். அப்படிக் கையை விரித்துக் கண்ணாடியின் முன்னால் பழகியும் பார்த்திருந்தார்.

அக்காவும் தோதாக வந்து மாட்டினாள். கரவெட்டிக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தவள், இரண்டு கிழமைக்கு முன் தானே போன் எடுத்தாள்.

"தம்பி, வீட்டு விசயம் ஒண்டு கதைக்கோணும். போனிலை கதைக்கிற விசயமில்லை. பாரிஸுக்கு வா. ஞாயிறு மத்தியானம் சந்திப்பம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. யோகராசா அதை வாயில் போட்டுக்கொள்ள ரயில் டிக்கெட் எடுத்தார்.

*

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, வியாழக்கிழமை பின்னேரம் வேலையால் வந்து வாசலில் அந்தச் சாமானைக் காணும்வரை. பயணப் பைக்குப் பக்கத்தில், பழைய சாரத்தில் சுற்றி, நீளமாகச் சுவரோடு சாய்ந்து நின்றது.

"உதென்ன?"

"பாய்."

"என்ன பாய்?"

"பன்பாய். காத்தான்குடி றம்லா பன்புல்லில பின்னினது. போன கிழமை சூரிச்சுக்கு வந்த நம்மட ஊர்ப் புள்ள கொண்டந்து தந்தது."

"உது ஏன் பயணப் பையோடை நிக்குது?"

"அதுவும் பாரிஸுக்கு வருது."

"பாய்க்கு என்ன பாரிஸ்?"

"புல்லில விரிச்சு இருக்க."

"அங்கை வாங்கு இருக்கும்."

"வாங்கில நீங்க இரிங்க. பாயில நாங்க இருப்பம்."

நாங்கள் என்றாளே, யார் அந்த நாங்கள்? யோகராசா பாயை விட்டு ஒரு அடி பின்னுக்குப் போனார்.

பாய் என்றால் யோகராசா ஏன் நடுங்குகிறார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு கதை உண்டு. மட்டக்களப்புக்குப் போகிற ஆம்பிளைகளை அங்கத்தையப் பெண்கள் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள், போனவன் திரும்பி வரமாட்டான் என்று. போனவன் அங்கே நல்ல மீன்கறியும் நல்ல மனிசரும் கண்டு தங்கிவிட்டான் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தாருக்குக் கௌரவம் என்னாவது? ஆகையால் மந்திரம்.

வாழைச்சேனைக் கடுதாசி ஆலையில் கிளார்க் வேலை கிடைத்து யோகராசா புறப்பட்டபோது, பஸ் ஜன்னலுக்குள் தலையை விட்டு அம்மா சொன்ன ஒரே புத்திமதி, "தம்பி, அங்கை ஒருத்தற்றை வீட்டிலையும் பாயிலை மட்டும் இருந்திடாதை" என்பதுதான். அவரும் ஆறு மாதம் கதிரையிலும் வாங்கிலும் வண்டிச் சில்லிலும் இருந்து உயிரைக் காத்தார். கடைசியில் ஆலையில் கூட வேலை செய்த ஒருவர் கல்லடியில் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அங்கே கதிரை இல்லை. அவருடைய தங்கச்சி அன்னப்பூரணி ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்து, "இரிங்க" என்றாள். யோகராசா இருந்தார். அடுத்த சித்திரையில் தாலி கட்டினார்.

அன்றைக்கு எடுத்த சபதம், இனிச் செத்தாலும் பாயில் இருப்பதில்லை என்று. கோயிலில் நின்றே கும்பிடுவார். செத்தவீட்டிலும் சுவரோடு சாய்ந்து நிற்பார். இருபத்தெட்டு வருசம் காத்த சபதம் அது. இப்போது புதுப் பாய் ஒன்று, அதுவும் வீடு முடிவாகிற இந்த நேரம் பார்த்து, கடல் தாண்டி வந்து வாசலில் நிற்கிறது.

அவர் நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திரவியத்துக்குப் போன் போட்டார். திரவியமும் கரவெட்டிதான். யோகராசாவோடு ஒரே ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறவர். மந்திர தந்திரம் எல்லாம் அறிந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"பாயோ?"

"ஓம்."

"புதுசோ?"

"புதுசு."

"சிவப்புக் கரை இருக்கோ?"

"இருக்கு."

திரவியம் நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

"என்னடா?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கு ஏன் பெருமூச்சு?"

"எனக்கு இழுப்பு இருக்கெல்லோ. ஆனாலும் நீ கவனம், மச்சான். என்னட்டை மந்திரிச்ச தேசிக்காய் ஒண்டு கிடக்கு. என்ரை மனிசியை அடக்கவெண்டு கோயில் ஐயரிட்டை வாங்கினது. வேலை செய்யேல்லை. நீ கொண்டு போ."

"வேலை செய்யாததை வைச்சு நான் என்ன செய்யிறது?"

"என்ரை மனிசி கோண்டாவில். அந்தத் தேசிக்காய் மட்டக்களப்புக்குத்தான் கேக்கும்."

யோகராசா அடுத்த நாள் அந்த எலுமிச்சையை வாங்கிக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இருக்கிறபோது தொடையில் இடித்தது. இடித்தபோதெல்லாம் தைரியம் வந்தது.

*

சனிக்கிழமை பாரிஸ் வெயிலில் மினுங்கியது. அன்னப்பூரணி கத்தரிப்பூ நிறச் சேலையும் விளையாட்டுச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, ஊர் பார்க்க வந்த மகாராணிபோல முன்னால் நடந்தாள். யோகராசா பின்னால் நடந்தார். ஊரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

கப்பலில் ஏறினார்கள். அவள் இரண்டு கரையையும் பார்த்தாள். தண்ணீரை எட்டிப் பார்த்தாள்.

"இதையா ஆறெண்டு சொல்ற? நம்மட ஆத்துக்குள்ள கொண்டுபோய் உட்டா ஒரு மூலைக்கும் காணாது. இறால் படுமா?"

"படாது."

"அப்ப என்னத்துக்கு வைச்சிருக்காங்க?"

இதிலே கல்லடிக்கு வருவாள், படியைச் சொல்லுவாள், வீட்டை எடுப்பாள் என்று யோகராசா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். பதிலுக்குச் சொல்ல எட்டு நியாயம் தயாராக வைத்திருந்தார். அவள் வீட்டை எடுக்கவில்லை. ஒரு பக்கெட் கச்சான் கடலையை எடுத்து, பாதியை அவர் கையில் கொட்டினாள். எட்டு நியாயமும் வீணாய்ப்போனது.

பிறகு படங்கள் வைத்திருக்கிற பெரிய அரண்மனைக்குப் போனார்கள். வாசலில் காவல்காரன் பொக்கற்றில் உள்ளதையெல்லாம் தட்டில் வைக்கச் சொன்னான். திறப்பு, சில்லறை, கைலேஞ்சி எல்லாம் வந்தன. தட்டின் நடுவில், கொஞ்சம் குங்குமத்தோடு, தேசிக்காயும் வந்து உருண்டது.

காவல்காரன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். மணந்து பார்த்தான். இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் யோகராசாவைப் பார்த்தார்கள்.

"விற்றமின்," என்றார் யோகராசா. "விற்றமின் சி."

திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவர் பயந்தது காவல்காரனுக்கல்ல. மெல்லத் திரும்பிப் பார்த்தார். அன்னப்பூரணி மேலே கூரையில் தீட்டியிருந்த படத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது என்ன, ஏன், எங்கே வாங்கினது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொட்டதுக்கெல்லாம் கேள்வி கேட்கிறவள் கேட்காமல் விட்டால் அதற்கு என்ன அர்த்தம்? யோகராசாவுக்கு அந்த அரண்மனையில் வேறு ஒன்றையும் பார்த்ததாக நினைவில்லை.

பொழுதுபடுகிற நேரம் ஹோட்டல் அறையில் சப்பாத்தைக் கழற்றிப்போட்டுப் படுத்திருந்தார். அவள் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். கதவு சாத்திய சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டது. யோகராசா பூனைபோல எழும்பிப் போய்க் காதைக் கதவில் வைத்தார்.

"ஓம்... பாய் கிடக்கு... ஓம், கோபுரத்தடியிலதான்... அவருக்கு ஒண்டும் தெரியா... ஒருக்கா இருத்திப் போட்டமெண்டா மறுகா எங்க எழும்புற!"

கதவு திறந்தபோது அவர் சுவரில் மாட்டியிருந்த தீயணைக்கிற அறிவித்தலை வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஆரோடை கதைச்சனீர்?"

"ஊருக்கு. தங்கச்சியோட."

"என்னவாம் கலாஜினி?"

"சும்மா. நீங்க சுகமாண்டு கேட்டாள்."

கலாஜினி கேட்டிருக்கமாட்டாள் என்று இல்லை. ஆனால் எதற்காகக் கேட்டாள்? அன்று தேசிக்காயைத் தலைகாணிக்குக் கீழ் வைத்துத்தான் படுத்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை ஈபிள் கோபுரத்தடி. முன்னால் விரிந்து கிடந்த புல்வெளியில் உலகத்துச் சனமெல்லாம் துவாயைப் போட்டு, துணியைப் போட்டு, போடாமலும் கிடந்தார்கள். அன்னப்பூரணி ஒரு மரநிழலாகப் பார்த்து நின்று, சாரத்தை அவிழ்த்து, பாயை ஒரு உதறு உதறி விரித்தாள். அதன் நீளத்தைக் கண்டு யோகராசா திகைத்தார். ஒரு பந்தி இருக்கலாம். பச்சைப் பன்புல் வாசம் மூக்கில் ஏறியது. வாழைச்சேனை, ஆலை, கல்லடி, அந்த முதல் சாப்பாடு எல்லாம் கூடவே ஏறி வந்தன. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"இரிங்க."

"இல்லை. நிக்கிறன்."

"கால் நோகும்."

"கால் நல்லா இருக்கு."

"கோபுரத்துக்குப் போட்டியா நிக்கிறீங்களா?"

பக்கத்தில் கிடந்த இரண்டு சீனப் பெண்கள் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். யோகராசா பாயின் விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றார். காற்றுக்குப் பாயின் மூலை ஒன்று எழும்பி அவர் பக்கம் வந்தது. பின்னுக்குத் துள்ளினார்.

மத்தியானம் நெருங்கியது. அக்கா காத்திருப்பாள். இனித் தாமதிக்கக் கூடாது.

"இஞ்சேரும், எனக்கொரு சின்ன அலுவல். லாச்சப்பலிலை திரவியத்துக்கு வெத்திலை வாங்கோணும்."

இதற்குக் குறைந்தது பத்துக் கேள்வி வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். பாரிஸ் வந்து வெத்திலையா? ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பாங்களா? திரவியம் எப்ப தொட்டு வெத்திலை போடுகிறார்? எல்லாவற்றுக்கும் பதில் பாடமாக்கி வைத்திருந்தார்.

"போயிற்று வாங்க," என்றாள் அன்னப்பூரணி. "ஆறுதலா வாங்க. நான் இஞ்சயே இருக்கன்."

அவ்வளவுதான். பாடமாக்கினதெல்லாம் தொண்டைக்குள் நின்றது. கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். அவள் கை காட்டினாள். இந்த அளவுக்கு நல்லவளாக இருக்க அவளுக்கு என்ன வந்தது? திரும்பிப் போய்விடுவோமா என்று ஒரு நினைவு. ஆனால் தேசிக்காய் தொடையில் இடித்தது. நடந்தார்.

சுரங்க ரயிலில் ஏறி இருந்ததும் மனம் குளிர்ந்தது. தப்பிவிட்டேனே! பாயை விரித்துவிட்டு அவள் அங்கே இருக்கிறாள், நான் இங்கே வாக்குக் கொடுக்கப் போகிறேன். யோகராசா தனியே சிரித்தார். எதிரே இருந்த வெள்ளைக்காரக் கிழவர் இடம் மாறி இருந்தார்.

லாச்சப்பலில் இறங்கி, தமிழ்க் கடைகளைத் தாண்டி, அக்கா இருந்த கட்டிடத்தின் படிகளில் மூச்சு வாங்க ஏறி, மணியை அடித்தார். பதில் இல்லை. மறுபடி அடித்தார். கதவில் காதை வைத்தார். இந்தப் பயணத்தில் காதை வைத்த இரண்டாவது கதவு அது. பக்கத்துக் கதவு திறந்து ஒரு தமிழ்ப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஆரைத் தேடுறியள்?"

"மங்கையற்கரசி அக்காவை. நான் தம்பி."

"ஓ, சுவிஸ் தம்பியோ! அவை அப்பவே வெளிக்கிட்டுப் போட்டினம். சட்டி பானையோடை."

"எங்கை?"

"ஈபிள் கோபுரத்துக்கு. மச்சாள் பாயோடை வந்து காத்துக்கொண்டு நிக்கிறாவாம். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

யோகராசா படியிலே இருந்துவிட்டார். பிறகு எழும்பி ஓடினார்.

*

தூரத்திலிருந்தே தெரிந்தது. பாய் நிறைய ஆட்கள் என்று நினைத்தார். கிட்டப் போனால் மூன்று பேர்தான். ஆனால் சட்டிகள் நிறைய இருந்தன. நடுவில் அக்கா மங்கையற்கரசி சம்மணம் கொட்டி இருந்தாள். பிறந்த நாள் தொட்டுக் கதிரையில் நிமிர்ந்து இருந்தே பழகிய அக்கா! பக்கத்தில் பொன்னுத்துரை அத்தான் காலை நீட்டி, முழங்கையை ஊன்றிப் பாதி படுத்திருந்தார். வாய் நிறையச் சோறு. அன்னப்பூரணி கரண்டியோடு நின்றாள்.

"வந்திட்டார்," என்றாள். "வெத்திலை கிடைச்சதா?"

யோகராசா அவளை விட்டு அக்காவைப் பார்த்தார்.

"அக்கா! உதிலை இருக்காதையுங்கோ! எழும்புங்கோ!"

"ஏன்?"

"அது... அது பாய்."

"பாய்தான். என்ரை பாய். றம்லா எனக்கெண்டு பின்னினது. பெட்டி பாரம் கூடிப்போச்செண்டு பிளேனிலை ஏத்த விடேல்லை. கலாஜினி வீட்டிலை விட்டிட்டு வந்தனான். மச்சாள்தான் எடுப்பிச்சுத் தந்தவ."

யோகராசா தன்னை மறந்து பாயின் விளிம்புவரை வந்துவிட்டார்.

"கலாஜினி வீட்டிலை நீங்கள் என்ன செய்தனீங்கள்? கரவெட்டிக்கெல்லோ போனீங்கள்!"

"போனனான். நீ வந்து ஒரு சொல்லுக் கேட்டனியோ, அக்கா எப்பிடி இருந்ததெண்டு?" அக்கா சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "வீடு நிக்குது தம்பி. சனம் இல்லை. ஒழுங்கை முழுக்க நடந்தன், என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தரும் இல்லை. பக்கத்து வளவுக்காரன் மட்டும் வந்தவன். எங்கடை வேலி அரை அடி தள்ளி நிக்குதாம். அதைச் சொல்ல வந்தவன். நான் கதவைப் பூட்டிப்போட்டு இருந்து அழுதன். அண்டைக்குத்தான் மச்சாள் போன் எடுத்தவ. 'அங்க தனியக் கிடந்து அழாம கல்லடிக்குப் போங்க மச்சாள், தங்கச்சி இருக்காள்' எண்டா. ஞாயிறு தவறாமல் எடுக்கிறவ. நீ எப்ப எடுத்தனி?"

யோகராசாவுக்குக் கண் கலங்கியது. அதை ஒத்துக்கொள்ள மனம் வராமல் அத்தானைப் பார்த்தார்.

"நாலு நாளைக்கெண்டு போனவ," என்றார் அத்தான், மென்றுகொண்டே. "டிக்கெட்டை ரெண்டு தரம் மாத்தினவ. கடைசியிலை நான் போய்த்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். நானும் ஒரு கிழமை நிண்டிட்டன்."

"முதல் நாள் முற்றத்திலை பாயைப் போட்டுத் தந்தினம்," என்றாள் அக்கா. "வாவிக் காத்து. எனக்கு எத்தினை வருச முதுகு நோ! எங்கை போச்செண்டு தெரியேல்லை. உந்த மீன் பொரியலும் பால்கறியும் கலாஜினிதான் பழக்கினது. சாப்பிட்டுப் பார்."

"அக்கா," யோகராசா கடைசித் துரும்பைப் பிடித்தார், "வீட்டு விசயம் ஒண்டு கதைக்கோணும் எண்டீங்கள்..."

"அதைத்தான் கதைக்கிறன். கல்லடியிலை கட்டேக்கை ஒரு அறை கூடப் போடச் சொல்லி மச்சாளிட்டைச் சொல்லிப்போட்டன். எனக்கும் அத்தானுக்கும்."

"கரவெட்டிக் காணி?"

"அதைப் பக்கத்து வளவுக்காரனுக்கே குடுத்திட்டன். வேலிப் பிரச்சினை முடிஞ்சுது."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமலோ?"

"போனிலை சொன்னால் கத்துவாய், பாரிஸிலை சனத்துக்கு நடுவிலை வைச்சுச் சொன்னால் கத்தமாட்டாய் எண்டு மச்சாள் சொன்னவ. சரியாத்தான் இருக்கு."

யோகராசா கத்துவதற்கு வாயைத் திறந்தார். சீனப் பெண்கள் பார்த்தார்கள். வாயை மூடினார்.

"அதோடை தம்பி, கல்லடியிலை வீடு கட்ட நீ ஓமெண்டுவாய் எண்டு நான் மச்சாளுக்கு வாக்குக் குடுத்திட்டன்." அக்கா இரண்டு கையையும் விரித்தாள். யோகராசா கண்ணாடியின் முன்னால் பழகியது அப்படியே அதேதான். "குடுத்த வாக்கை மாத்த ஏலுமோ? நீயே சொல்லு."

அவர் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தார். அது தன்பாட்டில் நின்றது. காலையிலிருந்து நின்றதிலும் ஓடினதிலும் கால் இரண்டும் வலித்தன. பொரித்த மீனின் வாசம் வேறு வந்து மூக்கைப் பிடித்து இழுத்தது. அன்னப்பூரணியைப் பார்த்தார். அவள் முகத்தில் வென்ற கர்வம் இருக்கும் என்று தேடினார். இல்லை. சோறு போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வருசமாக ஒரு படியை நினைத்து மனதுக்குள்ளே அழுதவளின் முகம் அது, இன்றைக்குத்தான் காய்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு யோகராசாவுக்குக் கரவெட்டியில் எந்தச் சுவரும் எழும்பவில்லை.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்து இரு," என்றாள் அக்கா.

யோகராசா சப்பாத்தைக் கழற்றினார். ஒரு காலை வைத்தார். மற்றக் காலையும் வைத்தார். இருந்தார். பாய் குளிர்ச்சியாக இருந்தது. அதை யாரிடமும் சொல்வதில்லை என்று உடனே ஒரு புதுச் சபதம் எடுத்துக்கொண்டார்.

அன்னப்பூரணி கோப்பையை அவர் மடியில் வைத்து, ஒரு பெரிய மீன் துண்டைப் போட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டினாள்.

"இஞ்சருங்க, பொக்கற்றில கிடக்கிற அந்தத் தேசிக்காயத் தாங்க. பொரியலுக்குப் புளி காணாது."